புது ஷூவுக்கு ஒரு மிதி

ஆறு வருடமாக ஒரு பட்டியலில் தன் பெயர் வருமா வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? நெவேனாவின் கோபத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. சாச்சக் நகரத்தில், கொதிகலன் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற கான்கிரீட் திடலில், மழை நாள் தவிர எல்லா ஞாயிறும் ஆம்பிளைகளோடு கூடைப்பந்து ஆடுகிறவள் அவள் ஒருத்திதான். ஆள் குறைந்தால் "நெவேனா, வா வா" என்பார்கள். புனித பேதுரு திருநாள் நெருங்கி, ஏழு பேட்டைகளும் பேட்டைக்கு மூன்று பேரை அனுப்பும் போட்டி வந்துவிட்டால், அவளை ஒருவருக்கும் தெரியாது. திடலுக்குத் தலைவன் மோமிர். அவன் மூன்று பெயரை எழுதிப் பத்திரிகைக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவான். மோமிர், வுகாஷின், ராடென்கோ. ஆறு வருடமும் அதே மூன்று பெயர்.

இந்த வருடம் மோமிரின் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தது. "மூணாவது ஆளு யாருன்னு இன்னும் முடிவு பண்ணல. நெவேனாவையும் பாக்குறேன்." அன்றைக்கு ஆரம்பித்தது ராடென்கோவுக்கு வயிற்றெரிச்சல்.

அவன் வேற்றாள் இல்லை, நெவேனாவின் முன்னாள் கொழுந்தன். அவனுடைய அண்ணன்தான் அவளைக் கட்டி, ஒன்பது வருடம் குடித்தனம் நடத்திவிட்டு, வேலைக்கென்று வியன்னாவுக்குப் போய் அங்கே வேறொருத்தியோடு தங்கிவிட்ட புண்ணியவான். விவாகரத்தில் வீடு நெவேனாவுக்கு வந்தது. ராடென்கோவைக் கேட்டால், அது அவன் அப்பா கட்டிய வீடு, அதை அவள் சுருட்டிக்கொண்டாள், இப்போது திடலையும் சுருட்ட வந்திருக்கிறாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் ராடென்கோ அவளைவிடக் கெட்டிக்காரன். ஒரு ஜாண் உயரம் கூட. பந்து அவன் கையைவிட்டுப் போனால் பெரும்பாலும் வளையத்துக்குள்தான் போகும். இது நெவேனாவுக்கும் தெரியும், தெரிந்ததால்தான் இன்னும் எரிச்சல். அவளிடம் இருந்தது கால். சட்டென்று திரும்புவாள், நினைத்த இடத்தில் நிற்பாள், எதிராளி இரண்டடி தாண்டிப் போய்த் திரும்பிப் பார்ப்பான். ஆனால் அந்தக் காலுக்குக் கீழே இருந்த ஷூ செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அடி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது.

ஜூன் இரண்டாம் ஞாயிறு. இரண்டு பக்கமும் இருபது. அடுத்த புள்ளி எடுக்கிறவர்களுக்குத்தான் ஜெயம். பந்து நெவேனாவிடம் வந்தது. ராடென்கோவை இடது பக்கம் இழுத்துவிட்டு வலது பக்கம் திரும்பினாள். கால் நிற்கவில்லை. வழுக்கி, முழங்கால் சிராய்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ராடென்கோ குனிந்து பந்தை எடுத்து, அவசரமே இல்லாமல் போய் வளையத்துக்குள் போட்டுவிட்டு வந்தான்.

"அண்ணி, பனிச்சறுக்குக்கு ஜனவரியில வாங்க. இது ஜூன் மாசம்."

பெஞ்சில் இருந்தவர்கள் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள்.

"ஷூ அடி தேஞ்சிருக்கு," என்றாள் நெவேனா.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எங்க வீட்டைத் தூக்கிக்கிட்டுப் போறப்ப கால் வழுக்கலையே உங்களுக்கு?"

"வழுக்கி விழுந்தது உங்க அண்ணன். வியன்னாவுல கெடக்கான், போய்த் தூக்கி விடு."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" மோமிர் பந்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பல் கட்டும் கடையில் வேலை பார்க்கிறவன், வாயை மூடச் சொல்வது அவனுக்குப் பழக்கமில்லை. "நெவேனா, வெளிப்படையா சொல்றேன். இந்த ஷூவோட உன் பேரை எழுத மாட்டேன். போட்டி நடுவுல நீ இப்படி விழுந்தா மூணு பேரு பொழைப்பும் போச்சு. அடுத்த ஞாயிறு காலுக்கு உருப்படியா ஏதாவது மாட்டிக்கிட்டு வா. இல்லேன்னா ராடென்கோதான்."

திங்கள் முதல் சனி வரை நெவேனா பெட்ரோல் பங்கில் நிற்கிறாள். "ஃபுல்லா போடு", "கண்ணாடியைத் துடை", "சீக்கிரம்". இதற்கு மேல் ஒருவனும் அவளிடம் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளை நம்பி யாராவது எதையாவது அவள் கையில் கொடுக்கிறார்கள், அது ஒரு பந்தாகவே இருந்தாலும். அந்தக் கண்ணாடியில் தன் பெயரை ஊரே பார்க்க வேண்டும், முக்கியமாக அந்த ராடென்கோ தினமும் சிகரெட் வாங்கப் போகும்போது பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பெரிய கடைக்குப் போனாள். கையில் இருந்தது ஐயாயிரம் தினார். தலைமுடியைக் கூம்பாக நிறுத்தியிருந்த ஒரு விற்பனைப் பையன் வந்தான். கேட்காமலே ஒரு ஜோடியை எடுத்து நீட்டினான். விலை பதினேழாயிரம். நெவேனா அதைத் திருப்பி, அடிப்பக்க ரப்பரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். வேகவைத்த உருளைக்கிழங்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

"மேடம், பொருளைக் கீறாதீங்க."

"இது மரத்தரைக்குச் செஞ்சது. நான் கான்கிரீட்ல ஆடுறேன். ரெண்டு மாசத்துல தின்னு துப்பிடும்."

"அப்ப ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா புதுசு வாங்குங்க."

"பணத்தை யாரு, உங்க அப்பா குடுப்பாரா?"

பையன் முகம் சிவந்தது. சுவரோரம் இருந்த ரோஸ் கலர் வரிசையைக் காட்டினான். "உங்க வயசுக்கு அந்தப் பக்கம் பாருங்க. நடக்குறதுக்கு நல்லா மெத்துனு இருக்கும்."

முப்பத்தேழு வயதுக்கு இந்தப் பேச்சு! நெவேனா ஷூவை அவன் கையில் திணித்துவிட்டு வெளியே வந்தாள். வாசல் வரை கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டுதான் வந்தாள், அதை இங்கே எழுதுவதற்கில்லை.

புதன்கிழமை பழைய சாமான் சந்தை. அங்கே தரையில் துணி விரித்துப் பெரிய பெயர் எல்லாம் குவிந்து கிடந்தது, பெயரில் மட்டும் ஒரு எழுத்து கூடவோ குறையவோ இருந்தது. ஒன்றை எடுத்து ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கினாள். அதுவும் துணி மாதிரியே முறுக்கிக்கொண்டது. அதைப் போட்டுத் திரும்பினால் கணுக்கால் கழன்று கையோடு வந்துவிடும்.

"அசல் சரக்கு அக்கா!" என்றான் கடைக்காரன்.

"பசை மட்டும் அசல். நாலு கடை தள்ளி நாறுது," என்று போட்டுவிட்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேருந்து நிலையத்துக்குக் கீழே இருக்கும் கோரிட்சாவின் கடைக்கு வந்தாள். வேண்டுமென்றேதான் சாயங்காலம் வந்தாள். பன்னிரண்டு மணி நேரம் பங்கில் நின்ற கால் நன்றாக வீங்கியிருந்தது. ஆடும்போதும் கால் அப்படித்தான் வீங்கும். காலையில் பார்த்து வாங்கினால் இரண்டாவது ஆட்டத்தில் கடிக்கும். ஆட்டத்துக்குப் போடுகிற தடித்த சாக்ஸையும் பையில் கொண்டு வந்திருந்தாள்.

கோரிட்சாவுக்கு வியாபாரம் பிடிக்கும், வாங்க வருகிறவர்களைப் பிடிக்காது.

"மூடப் போறேன்."

"ஏழு மணிக்கு மூடுறதுன்னு கதவுல எழுதியிருக்கு. இப்ப ஆறேகால்."

"என் கதவுல என்ன எழுதியிருக்குன்னு நீ எனக்குச் சொல்லாத. என்ன வேணும்?"

மூலையில் போன வருடத்து மிச்சம் அடுக்கியிருந்தது. பையன்கள் அளவு, அதனால் பெரியவர்கள் ஷூவைவிட விலை கம்மி. முப்பத்தொன்பதாம் நம்பர் கால் பையனுடையதா பெண்ணுடையதா என்று கான்கிரீட் கேட்கப் போகிறதா? நிறம்தான் சகிக்கவில்லை. அழுகிய ஆரஞ்சில் கத்தரிப்பூக் கலர் கோடு. நெவேனா நிறத்தைப் பார்க்கவே இல்லை. அடியில் நகத்தை அழுத்தினாள், இறங்கவில்லை. ஆழமான வளைவு வளைவான வரிகள், தேய ஒரு வருடமாவது ஆகும். மடக்கிப் பார்த்தாள். விரல் மடங்குகிற இடத்தில் மடங்கியது, நடுவில் மடங்கவில்லை. பிறகு முறுக்கினாள்.

"எதுக்கு அதன் கழுத்தைத் திருகுறே? அது என்ன கோழியா?"

"திருகலேன்னா ஞாயித்துக்கிழமை அது என் காலைத் திருகும்."

சாக்ஸைப் போட்டு, ஷூவை மாட்டி, நாடாவை மேல் ஓட்டை வரை கட்டினாள். நுனியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் முனைக்கு முன்னால் சரியாக ஒரு கட்டைவிரல் அகலம் இடம். பாய்ந்து நிற்கும்போது கால் முன்னால் ஓடி வரும், அதற்கு அந்த இடம் வேண்டும். அதற்குமேல் வேண்டாம். குதிகால் தூக்கவில்லை. மூன்று முறை குதித்தாள். அலமாரியிலிருந்து பாலிஷ் டப்பாக்கள் உருண்டு விழுந்தன. கல்லாவிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து கல்லாவுக்கும் ஓடி ஓடி நின்றாள்.

"அய்யோ, பேய் பிடிச்சவளே! கடையை இடிச்சிடுவ போலிருக்கே!"

"எவ்வளவு?"

"அஞ்சாயிரத்து தொள்ளாயிரம்."

"நாலாயிரத்து ஐநூறு. இந்த நிறத்தை ஒரு வருஷமா எவனும் தொடல."

"நிறத்தைக் கழுவிக் குடிப்பியா நீ?"

"மாட்டேன். அதனாலதான் நான் வாங்குறேன். வேற எவன் வாங்குவான் இதை?"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே ஐயாயிரத்தில் வந்து நின்றார்கள். கோரிட்சா பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, "திருப்பிக் கொண்டுவந்தே, மூஞ்சியில எறிவேன்," என்றாள். அப்புறம், புதுசு வாங்கினவர்களிடம் சொல்லாமல் அனுப்பினால் பாவம் என்பதால், சாபம் விடுகிற குரலில் அந்த வாழ்த்தையும் சொன்னாள். "நல்ல உடம்போட போட்டுக் கிழி. தொலை."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. புது ஷூ போட்டுக்கொண்டு வந்தவரை அப்படியே ஆட விடுகிற வழக்கம் அந்தத் திடலில் இல்லை. ஞானஸ்நானம் ஆக வேண்டும். அங்கே இருக்கிற ஒவ்வொருவரும் வந்து புது ஷூவை ஒரு மிதி மிதித்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். மிதிபடுகிறவர் காலை இழுக்கக் கூடாது, கத்தக் கூடாது. இழுத்தாலோ கத்தினாலோ அந்த ஷூ உருப்படாது, போதாததற்கு எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். பெரும்பாலும் யாரும் பலமாக மிதிப்பதில்லை. சும்மா ஒரு அழுக்கு, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

நெவேனா காலை நீட்டினாள். நிறத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இருட்டுல கூட உனக்குப் பாஸ் போடலாம்!" என்றான் வுகாஷின். மிதித்து, "நல்ல உடம்போட போட்டுக் கிழி," என்றான். மோமிர் மிதித்தான். மற்ற நாலு பேரும் மிதித்தார்கள். கடைசியாக ராடென்கோ வந்தான். நூற்றுப் பத்துக் கிலோ ஆள். சிரித்துக்கொண்டேதான் வந்தான்.

"அண்ணிக்கு நம்ம வாழ்த்து இல்லாமலா?"

குதிகாலைத் தூக்கி, முழு எடையையும் போட்டு, பெருவிரல் இருக்கிற இடத்தைப் பார்த்து இறக்கினான்.

நெவேனாவுக்குக் கண்ணுக்குள் பொறி பறந்தது. உச்சந்தலை வரை வலி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் கத்தல்தான் வரும் என்று தெரிந்து, நாலு மூச்சு விட்டு, பிறகு சொன்னாள். "நன்றி, ராடென்கோ."

அவன் குனிந்து ஷூவைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கூச்சல் எங்கே? வுகாஷின் மண்டியிட்டு ஷூ நுனியை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கைதட்டினான்.

"கட்டைவிரல் அகலம் இடம் விட்டுல்ல வாங்கியிருக்கா! டேய் ராடென்கோ, நீ காத்தை மிதிச்சிருக்கடா!"

"ஆமா, காத்துதான்," என்றாள் நெவேனா. பொய். பாதி காற்று, பாதி நகம். உள்ளே நகம் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பொய்யை அவள் யாருக்காகவும் மாற்றிக்கொள்வதாக இல்லை. ராடென்கோவின் கண் ஷூ நுனியிலேயே நின்றதையும் அவள் கவனித்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. பாப்ளர் மரப் பஞ்சு பறக்கிற காலம், கான்கிரீட் முழுக்க வெள்ளையாகப் படர்ந்து கிடந்தது. ராடென்கோ காலில் இருந்தது அண்ணன் வியன்னாவிலிருந்து அனுப்பிய விலையுயர்ந்த ஜோடி. ஏப்ரலில் வந்தபோது எல்லோருக்கும் காட்டிக் காட்டிப் பீற்றிக்கொண்டான். மரத்தரைக்கான ரப்பர், ஜூனுக்குள் வழவழவென்று தேய்ந்துவிட்டது. பஞ்சில் கால் வைத்தவன் இரண்டு தரம் பின்பக்கம் அடிபட விழுந்தான். நெவேனா வலியை விழுங்கிக்கொண்டு திரும்பினாள், நின்றாள், போட்டாள். அவள் பக்கம் ஜெயித்தது.

"இவ எங்க ஜெயிச்சா? ஷூ ஜெயிச்சுது!" என்று ராடென்கோ தரையைக் குத்தினான். "என் ஷூ தேஞ்சு கெடக்கு!"

"ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம்," என்றான் வுகாஷின். பெஞ்சு அதிர்ந்தது.

"சிரிங்கடா! மோமிர், நியாயமாச் சொல்லு. அவளுக்குப் புது ஷூவுக்கு ஒரு வாரம் குடுத்தே. எனக்கும் குடு. அடுத்த ஞாயிறு நானும் புதுசு போட்டு வரேன். ஒத்தைக்கு ஒத்தை, பதினொண்ணு வரைக்கும். அதுக்கப்புறம் எழுது பட்டியலை."

மோமிர் யோசித்தான். அதில் மறுக்க ஒன்றுமில்லை. "சரி. ஒத்தைக்கு ஒத்தை. ஜெயிக்கிறவங்க பேரு அன்னிக்கே கண்ணாடியில."

நெவேனாவுக்குக் கணக்குத் தெரியும். ஒத்தைக்கு ஒத்தை என்றால், இரண்டு பேர் காலிலும் நல்ல ஷூ என்றால், ராடென்கோதான் ஜெயிப்பான். பத்துக்கு எட்டுத் தரம் ஜெயிப்பான்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஆட்டத்தைப் பற்றி நினைப்பே இல்லை. நகம் கறுத்து, ஷூவுக்குள் போகவே அழுதது. பங்கில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். புது ஷூ போட்டு வருகிறேன் என்று அவனே வாயால் சொல்லிவிட்டானே! அப்படியானால் ஞானஸ்நானம் உண்டு. காலை இழுக்கக் கூடாது, கத்தக் கூடாது. குதிகாலால், சுண்டுவிரலைப் பார்த்து, ஒரே இறக்கு. காலி எண்ணெய் டப்பா ஒன்றை பங்குக்குப் பின்னால் வைத்து மிதித்துப் பார்த்தாள். முதல் மிதியில் பாதி நசுங்கியது. வியாழக்கிழமைக்குள் ஒரே மிதியில் தட்டையாக்கக் கற்றுக்கொண்டாள்.

"என்னடீ பண்றே?" என்று கேட்டாள் கூட வேலை பார்க்கிறவள்.

"வாழ்த்துச் சொல்லிப் பழகுறேன்," என்றாள்.

அடுத்த ஞாயிறு திடல் நிறைந்திருந்தது. சேதி பரவியிருந்தது. ராடென்கோ வந்தான். அவன் காலைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். அழுகிய ஆரஞ்சு, கத்தரிப்பூக் கோடு. கோரிட்சாவின் கடையிலிருந்து அதே ஷூ, ஆம்பிளை அளவில்.

"கல்யாண ஜோடி மாதிரி இருக்கீங்கடா ரெண்டு பேரும்!"

"வாயை உடைப்பேன்," என்றான் ராடென்கோ. அண்ணன் இந்தத் தடவை ஒன்றும் அனுப்பவில்லை போலிருக்கிறது. ஆனால் கோபத்துக்கு அடியில் அவன் முகத்தில் ஒரு தெம்பு இருந்தது. நெவேனாவுக்கு அது பிடிபடவில்லை. மிதிபடப் போகிறவன், அதுவும் அவளிடம் மிதிபடப் போகிறவன், எதற்கு இத்தனை தெம்பாக நிற்கிறான்?

காலை நீட்டினான். ஒவ்வொருவராக மிதித்தார்கள். "நல்ல உடம்போட போட்டுக் கிழி." "போட்டுக் கிழி." நெவேனா கடைசி. என்ன நடக்கப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"வாங்க அண்ணி. மனசுல இருக்குறதை எறக்கி வையுங்க," என்று இளித்தான்.

அவள் குதிகாலைத் தூக்கினாள். எங்கே இறக்குவது என்று பார்ப்பதற்காகக் குனிந்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது.

நாடாவை இழுத்து இழுத்துக் கட்டியிருந்தான், இரண்டு பக்க ஓட்டைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் மிதித்த இடத்தில், ஷூ நுனி குழிந்து, குழிந்தபடியே கிடந்தது. உள்ளே விரல் இருந்தால் மேலே எழும்பியிருக்க வேண்டும். இந்த இரண்டு வாரத்தில் எத்தனை ஷூவை அமுக்கி, மடக்கி, திருகிப் பார்த்தவள் அவள்! ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. ராடென்கோவின் கால் நாற்பத்து நாலு. ஒன்பது வருடம் வீட்டு வாசலில் அவன் கழற்றிப் போட்ட ஷூவைத் தள்ளி வைத்தவளுக்குத் தெரியாதா? காலில் இருந்தது நாற்பத்தாறு.

கட்டைவிரல் அகலம் இடம் இருந்ததால்தான் அவள் தப்பித்தாள் என்று நம்பியிருக்கிறான், மடையன். அப்படியானால் இரண்டு விரல் அகலம் விட்டால் இன்னும் நல்லது என்று கடையில் நின்று யோசித்திருக்கிறான். ஆட்டத்துக்கு ஷூ வாங்கவில்லை அவன், அவளுடைய மிதிக்கு வாங்கியிருக்கிறான்.

டப்பாவை நசுக்கிய குதிகால் அந்தரத்தில் நின்றது. நெவேனா அதைக் கீழே வைத்தாள். பிறகு காலை மெதுவாக நீட்டி, ஷூ நுனியை மட்டும், குழந்தை கன்னத்தைத் தொடுகிற மாதிரி, அவன் ஷூமேல் வைத்து எடுத்தாள்.

"நல்ல உடம்போட போட்டுக் கிழி, ராடென்கோ."

அவன் காத்திருந்தான். "என்ன, அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பந்தைப் போடு."

இளிப்பு மெல்ல இறங்கியது. அவன் தன் காலைக் குனிந்து பார்த்தான். அவளைப் பார்த்தான். அந்த நிமிடத்தில்தான் அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும், காதுமடல் சிவந்துவிட்டது. ஆனால் அதற்குள் மோமிர் விசில் அடித்துவிட்டான்.

முதலில் ராடென்கோதான் முன்னால் போனான். தூரத்தில் நின்றே போட்டான், போட்டதெல்லாம் விழுந்தது. நாலுக்கு ஒன்று. நிற்கிறவனுக்கு ஷூ எந்த அளவாக இருந்தால் என்ன? நெவேனா அவனை நிற்க விடவில்லை. ஒட்டிக்கொண்டாள். பந்து தன் கைக்கு வந்ததும் இடது, வலது, மறுபடி இடது என்று அவனைத் திருப்பித் திருப்பி அடித்தாள். அவள் நின்றால் அவனும் நிற்க வேண்டும். அவன் ஷூ நின்றது, உள்ளே கால் நிற்கவில்லை. ஒவ்வொரு தரமும் விரல்கள் முன்னால் ஓடிப் போய் முட்டின. குதிகால் மேலே கிளம்பியது. ஆறுக்கு ஆறில் நொண்ட ஆரம்பித்தான்.

"ஷூ மாத்திக்கணும்," என்றான் மூச்சு வாங்க.

"மாத்திக்கோ. பழசு எங்கே?" என்றான் மோமிர்.

பழசைக் குப்பையில் போட்டாயிற்று. யாரோ ஒருவன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுக்க வந்தான், அது நாற்பத்திரண்டு. ராடென்கோ அதைத் தட்டிவிட்டான்.

"ஆடு, ஆடு!" என்று கத்தினார்கள்.

ஆடினான். அதற்கு அவனை மெச்சத்தான் வேண்டும், பாதியில் விட்டுவிட்டுப் போகவில்லை. கெட்ட வார்த்தையாகச் சொரிந்துகொண்டு, முழங்கையால் அவள் விலாவில் இரண்டு இடி இடித்து, எட்டு வரை வந்தான். கடைசிப் பந்தில் நெவேனா வலது பக்கம் போய்ச் சட்டென்று நின்றாள். பதினைந்து நாள் முன்பு அவள் விழுந்த அதே இடம். அவன் நிற்கப் பார்த்தான். ஷூ அங்கேயே தங்கியது, கால் அதிலிருந்து பாதி வெளியே வந்தது, ஆள் பஞ்சுக்குள் குப்புற விழுந்தான். அவள் போய்ப் பந்தை வளையத்துக்குள் வைத்தாள். பதினொன்றுக்கு எட்டு.

யாரும் சிரிக்கவில்லை. ராடென்கோ எழுந்து உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். வெள்ளை சாக்ஸில் குதிகால் பக்கம் ரத்தம் ஊறியிருந்தது. பின்னால் தோல் உரிந்துவிட்டது.

மோமிர் பையிலிருந்து காகிதம் எடுத்து, முழங்கால்மேல் வைத்து எழுதினான். மோமிர், வுகாஷின், நெவேனா. எழுதியதைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பத்திரிகைக் கடைப் பக்கம் நடந்தான்.

"ஏன் மிதிக்கல?" என்று கேட்டான் ராடென்கோ. அண்ணி என்ற வார்த்தை இல்லை, இளிப்பும் இல்லை. "உனக்கு மிதிக்கணும்னுதானே இருந்துச்சு? ஏன் மிதிக்கல?"

"மிதிச்சேனே. எல்லாரும் பாத்தாங்க."

"பொய் சொல்லாத."

நெவேனா பந்தை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். உள்ளே அவளுடைய கறுத்த நகமும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. அதை அவனிடம் இன்றைக்கும் சொல்லப்போவதில்லை.

"நாப்பத்து நாலு போட்டுட்டு வந்திருந்தா நீதான் ஜெயிச்சிருப்ப, ராடென்கோ. அது எனக்கும் தெரியும்."

அவன் கழற்றின ஷூவைக் கையில் பிடித்தபடி, உள்ளே, நாடாவுக்கு அடியில் இருக்கிற நாக்குப் பட்டையில் போட்டிருந்த நம்பரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.